20-ஆம் தேதிக்கும் 21-ஆம் தேதிக்கும் நடுவே

2019 செப்டம்பர் 20, வெள்ளிக்கிழமை. மாலை ஐந்தரை மணிக்கு மதுரை சிம்மக்கல்லில் ஓர் அடகுக் கடையின் மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மடியில் ஒரு மஞ்சள் பை, பைக்குள் மனைவியின் ஆறு பவுன் சங்கிலி. நான் நடத்திய தமிழ் இணையதளத்துக்கு முந்தைய மாதம் 23 லட்சம் பக்கப் பார்வைகள் கிடைத்திருந்தன. கம்பெனியின் வங்கிக் கணக்கில் இருந்தது 11,400 ரூபாய். அன்று நள்ளிரவுக்குள் 54,000 ரூபாய் ஜி.எஸ்.டி. கட்டியாக வேண்டும். ஊழியர்களின் ஆகஸ்ட் மாதச் சம்பளம் இன்னும் பாக்கி. எங்கள் பக்கங்களில் விளம்பரம் காட்டுவதற்காகக் கூகுள் தரும் பணம், ஆட்சென்ஸ் என்பார்கள், மாதத்தின் 21-ஆம் தேதிக்கு மேல்தான் புறப்படும். ஒரு நாள்தானே இடைவெளி என்று தோன்றும். மறுநாள் சனிக்கிழமை, கூகுளின் சிங்கப்பூர் நிறுவனத்திலிருந்து கிளம்பும் பணம் மதுரையில் என் கணக்கில் விழ எப்படியும் அடுத்த வாரம் ஆகும். நகை மதிப்பிடுபவர் சங்கிலியைக் கல்லில் உரசிப் பார்த்துக்கொண்டே, "என்ன தொழில் செய்கிறீர்கள்?" என்று கேட்டார். "மீடியா கம்பெனி" என்றேன். அவர் தலையை நிமிர்த்தவே இல்லை.

என் தொழில் படுத்ததற்கு வாசகர் இல்லாதது காரணமில்லை. எழுத ஆளில்லாமலும் போகவில்லை. தேதிகளை நான் பார்க்கவில்லை, அவ்வளவுதான். எவ்வளவு வரும் என்று மட்டும் கணக்குப் போட்டேன். என்றைக்கு வரும் என்று போடவில்லை. இதை யாராவது 2015-லேயே எனக்குச் சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனா தெரியாது. ஆனால் சொல்ல ஆளே இல்லை என்பது உண்மை.

நான் ஒரு நாளிதழில் பதினொரு ஆண்டுகள் உதவி ஆசிரியராக இருந்தவன். 2015-இல் வேலையை விட்டபோது எனக்கு வயது 36. வருங்கால வைப்பு நிதியாக 4,30,000 ரூபாய் கிடைத்தது. அதை முதலாகப் போட்டேன். கல்லூரி நண்பன் ஒருவன் தொழில்நுட்பத்தைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். இருவரும் இயக்குநர்களாக ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி பதிவு செய்தோம். டொமைன் பெயரை, அதாவது தளத்தின் இணைய முகவரியை, அவன் தன் சொந்த மின்னஞ்சலில் வாங்கினான். 800 ரூபாய் சமாச்சாரம், யார் வாங்கினால் என்ன என்று நினைத்தேன். இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

அப்போது தமிழ்ப் பக்கங்களுக்கு ஆட்சென்ஸ் கிடையாது. கூகுள் தமிழைத் தன் விளம்பரச் சேவையில் சேர்த்தது 2018 பிப்ரவரியில்தான். அதுவரை சின்னச் சின்ன விளம்பர வலையமைப்புகளை நம்பித்தான் பிழைத்தோம். அவை ஆயிரம் பார்வைக்குச் சில ரூபாய் தரும், அதையும் 60 நாள், 90 நாள் கழித்துத் தரும். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. அலங்காநல்லூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் வேலை பார்ப்பவர்கள் கையிலும் இணையம் வந்துவிட்டது. நான்கே மாதத்தில் ஜல்லிக்கட்டுப் போராட்டம். 2017 ஜனவரியில் தமுக்கம் மைதானத்தில் மாணவர்கள் இரவு பகலாக உட்கார்ந்திருந்த அந்த வாரம், நாள் ஒன்றுக்கு 35,000 பார்வை வாங்கிக்கொண்டிருந்த எங்கள் தளம் ஐந்து லட்சத்தைத் தொட்டது. சர்வர் இரண்டு முறை படுத்தது. நண்பன் தூங்காமல் அதை எழுப்பி எழுப்பி விட்டான். நான் மைதானத்திலிருந்து போனிலேயே செய்தி அடித்து அனுப்பினேன். என் தொழில் வாழ்க்கையிலேயே மகிழ்ச்சியான ஏழு நாள்கள் அவை. இன்றும் அதை மறுக்க மாட்டேன்.

அந்த வாரத்துக்குக் கூடுதல் சர்வர் கட்டணம் 18,000 ரூபாய். அது உடனே போனது. அந்த வாரத்து விளம்பர வருமானம் ஒன்பதாயிரத்துச் சொச்சம். அது வந்தது ஏப்ரல் நடுவில். தை மாதத்துக் கூட்டத்துக்குச் சித்திரையில் கூலி. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. மாறாக, ஐந்து லட்சம்தான் இனி நம் அளவு என்று முடிவு கட்டி, பிப்ரவரி முதல் வாரத்தில் மாத வாடகை 22,000 ரூபாய்க்கு ஒரு மாடியைப் பிடித்தேன். பத்து மாத அட்வான்ஸ், 2,20,000 ரூபாய். ஆறு பேரை வேலைக்கு எடுத்தேன். சுண்ணாம்பு காய்வதற்குள் பார்வை எண்ணிக்கை 40,000-க்கு இறங்கிவிட்டது. வெள்ளம், தேர்தல், போராட்டம், ஒரு தலைவரின் மரணம் ஆகியவை கொண்டுவரும் வாசகர்கள் திருவிழாவுக்கு வந்த கூட்டம் மாதிரி; தேர் நிலைக்கு வந்ததும் அவரவர் ஊர் பார்த்துப் போய்விடுவார்கள். ஆள் எடுக்கும் முன்பு கடந்த பன்னிரண்டு மாதங்களில் ஆக மோசமான மாதம் எது என்று பாருங்கள். அந்த மாதத்து வருமானத்தில் அவருக்குச் சம்பளம் கொடுக்க முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால் அந்த ஆள் வேண்டாம்.

2018-இல் ஆட்சென்ஸ் வந்ததும் கொஞ்சம் மூச்சு விட்டோம். அதன் தேதிக் கணக்கைப் புதிதாகத் தொடங்குபவர்கள் ஒரு தாளில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிவைப்பது நல்லது. ஒரு மாதத்தில் ஈட்டியது அடுத்த மாதத் தொடக்கத்தில்தான் இறுதியாகும். 21-ஆம் தேதி முதல் 26-ஆம் தேதிக்குள் அனுப்பப்படும். ஆக, மார்ச் 1-ஆம் தேதி எழுதிய கட்டுரைக்கு ஏப்ரல் கடைசியில் பணம். ஐம்பது நாளுக்கு மேல். எழுதியவருக்கோ ஏப்ரல் 1-ஆம் தேதியே சம்பளம் தர வேண்டும். வளர வளர இந்தப் பள்ளம் ஆழமாகிறது என்பதுதான் எனக்கு விளங்காமல் போன விஷயம். வியாபாரம் பெருகினால் நெருக்கடி தீரும் என்று நினைத்தேன். பெருகப் பெருக, முன்கூட்டிக் கொடுக்க வேண்டிய சம்பளமும் பெருகியது. எனக்கு ஆயிரம் பார்வைக்குச் சராசரியாக 28 ரூபாய் கிடைத்தது. 23 லட்சம் பார்வைக்கு 64,000 சொச்சம். சம்பளம் மட்டுமே மாதம் 1,40,000. மீதியை நேரடி விளம்பரத்தில் பிடித்துவிடலாம் என்பதுதான் என் திட்டம். திட்டம் என்று சொல்வது கௌரவத்துக்காக. நம்பிக்கை என்று சொல்வதே சரி.

இன்னொன்றையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டிலிருந்து வரும் இந்தப் பணம் ஜி.எஸ்.டி. கணக்கில் சேவை ஏற்றுமதி. வரி பூஜ்யம். ஆனால் வரி கட்டாமல் ஏற்றுமதி செய்கிறேன் என்ற உறுதிமொழியை, எல்.யு.டி. என்பார்கள், ஒவ்வொரு நிதியாண்டுக்கும் புதிதாக ஜி.எஸ்.டி. தளத்தில் பதிய வேண்டும். ஒரு முறை கொடுத்தால் போதும் என்று நான் இருந்துவிட்டேன். ஆடிட்டர் அலுவலகத்தில் ஒரு சின்னப் பையன் கண்டுபிடித்துச் சொன்னான். ஏப்ரல் பிறந்ததும் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள்; பத்து நிமிட வேலை.

இப்போது அந்த 54,000-க்கு வருகிறேன். 2019 ஆடித் தள்ளுபடிக்காக ஒரு ஜவுளிக் கடையின் விளம்பரம், சென்னையிலுள்ள ஒரு விளம்பர ஏஜென்சி மூலம் எங்களுக்கு வந்தது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதம். ஏஜென்சியின் 15 சதவீதக் கமிஷன் போக மாதம் மூன்று லட்சம் ரூபாய். ஆர்.ஓ. என்ற விளம்பர உத்தரவுக் கடிதம் கையில் வந்த அன்று அலுவலகத்தில் எல்லோருக்கும் பருத்திப் பால் வாங்கிக் கொடுத்தேன். ஒவ்வொரு மாதக் கடைசியிலும் 3,00,000 ரூபாய்க்கு பில், அதன் மேல் 18 சதவீதம் 54,000 ரூபாய் வரி. ஜூன் மாத பில்லுக்கு ஜூலை 20-இல் வரி கட்டினேன். பணம் வரவில்லை. ஜூலை மாத பில்லுக்கு ஆகஸ்ட் 20-இல் கட்டினேன். பணம் வரவில்லை. போன் செய்தால், "கிளையண்ட் இன்னும் கொடுக்கவில்லை சார், வந்ததும் முதல் பேமெண்ட் உங்களுக்குத்தான்" என்பார்கள். மூன்றாவது வரியைக் கட்டத்தான் அடகுக் கடை பெஞ்சு.

பணம் கைக்கு வந்தால்தானே வரி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பில் போட்ட மாதத்துக்கு வரி. வாடிக்கையாளர் ஒரு பைசா தராவிட்டாலும் 20-ஆம் தேதி அரசாங்கத்துக்கு நீங்கள் தர வேண்டும். தாமதித்தால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி, அது போக நாள் கணக்கில் தாமதக் கட்டணம். பணம் கடைசி வரை வரவே இல்லை என்றாலும், வாராக்கடன் என்று சொல்லி அந்த வரியைத் திரும்ப வாங்க வழியில்லை. ஆண்டு வருவாய் 20 லட்சத்தைத் தாண்டாத சின்னத் தளங்கள் பொதுவாகப் பதிவு செய்யவே தேவையில்லை, ஏஜென்சிக்காரர்கள் ஜி.எஸ்.டி. எண் கேட்கிறார்கள் என்பதற்காகவே நான் முன்கூட்டிப் பதிந்தேன். அந்த எண்ணை வாங்கும் முன்பு, அதைக் கேட்பவர் எத்தனை நாளில் பணம் தருவார் என்று கேட்டிருக்க வேண்டும். பாதித் தொகையை முன்பணமாக வாங்காமல் விளம்பரத்தை ஏற்றியிருக்கக் கூடாது. இரண்டாவது மாதப் பணம் வராதபோதே மூன்றாவது மாத விளம்பரத்தை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தினால் உறவு கெட்டுவிடும் என்று பயந்தேன். எந்த உறவு? அந்த மேலாளரை நான் நேரில் பார்த்தது ஒரே ஒரு முறை.

இரண்டு கருவிகள் என் கையிலேயே இருந்தன. ஒன்று தெரியாமல் போனது, மற்றொன்று தாமதமாகத் தெரிந்தது. தெரியாமல் போனது சிறுதொழில் பதிவு. அப்போது உத்யோக் ஆதார் என்றார்கள், 2020 ஜூலையிலிருந்து உத்யம். கட்டணமே கிடையாது. குறு, சிறு நிறுவனமாகப் பதிந்திருந்தால், வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. சமாதான் என்ற அரசு இணையதளத்தில் அப்போது புகார் கொடுத்திருக்கலாம். நான் பதியவில்லை, அதனால் அந்தக் கதவைத் தட்டவே முடியவில்லை. தாமதமாகத் தெரிந்தது 180 நாள் விதி. என் பில்லை வைத்து ஏஜென்சி உள்ளீட்டு வரி வரவை எடுத்துக்கொண்டிருக்கும்; அதாவது என் பில்லில் உள்ள வரியைத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொண்டிருக்கும். பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் எனக்குப் பணம் தராவிட்டால், எடுத்த வரவை அவர்கள் வட்டியோடு திருப்ப வேண்டும். 2020 ஜனவரியில் என் ஆடிட்டர் சொல்லச் சொல்ல இதைக் குறிப்பிட்டு ஒரு பதிவுத் தபால் எழுதினேன். ஆறு மாதமாக என் போனை எடுக்காத கணக்குப் பிரிவு, தபால் சேர்ந்த நான்காம் நாள் அவர்களாகவே அழைத்தார்கள். இரண்டு லட்சம் வந்தது. மார்ச் முதல் வாரம் இன்னொரு இரண்டு லட்சம். அதன் பின் ஊரடங்கு வந்தது. மீதி ஆறரை லட்சம் இன்றுவரை வரவில்லை. கொடுத்த நான்கு லட்சத்தில் வருமான வரிக்காகப் பிடித்ததாகச் சொன்ன தொகைகூட என் பெயரில் பிடித்த வருமான வரியைக் காட்டும் 26 ஏ.எஸ். படிவத்தில் ஏறவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்தப் படிவத்தைத் திறந்து பார்த்திருந்தால் அப்போதே கேட்டிருக்கலாம்.

சங்கிலி விஷயத்தை வீட்டில் எப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். ஒரு வாரம் என்று சொல்லித்தான் வாங்கிப் போனேன். பிறகு தீபாவளிக்குள் என்றேன். பிறகு பொங்கலுக்குள் என்றேன். இடையில் அவளுடைய வளையல்களும் போயின. மொத்தம் மூன்று லட்ச ரூபாய்க்கு நகை அடகில் இருந்தது. மைத்துனரிடம் ஐந்து லட்சம் கடன் வேறு. ஒரு நாள் இரவு அவள் சொன்னாள்: "ஏங்க, நகையைக் கேட்டதில் எனக்கு வருத்தமில்லை. தேதி சொல்லிச் சொல்லித் தள்ளினீர்களே, அதுதான் தாங்க முடியவில்லை." ஏஜென்சிக்காரர்கள் எனக்குச் செய்ததை நான் வீட்டில் செய்துகொண்டிருந்தேன். அலுவலகத்திலும் அதேதான். உசிலம்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்துபோன ஒரு பெண், உதவி ஆசிரியர், இரண்டு மாதம் சம்பளம் தள்ளிப்போன பிறகும் கேட்கவில்லை. ஒரு நாள், "சார், பஸ்ஸுக்கு மட்டும் ஏதாவது கொடுக்க முடியுமா?" என்றாள். அன்று மாலை சீக்கிரமே விளக்கை அணைத்துவிட்டு அந்த மாடியில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். சம்பளம் தர முடியாது என்று தெரிந்த நாளிலேயே சொல்லி அனுப்பியிருந்தால் அவளுக்கு வேறு வேலை கிடைத்திருக்கும். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று சொல்லி அவளுடைய ஐந்து மாதத்தை நான் எடுத்துக்கொண்டேன். பிறகு முழுச் சம்பளத்தையும் கொடுத்துவிட்டேன். மாதங்களைக் கொடுக்க முடியாது.

2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவித்தார்கள். வாசகர்கள் வந்து குவிந்தார்கள், விளம்பர விலை சரிந்தது. ஏப்ரலில் பார்வை கூடியிருந்தும் வருமானம் பாதிக்கும் கீழே. எல்லோரையும் அனுப்பிவிட்டு வீட்டிலிருந்து நான் மட்டும் நடத்தினேன். நண்பன் அதற்கு முன்பே பெங்களூருவில் வேலைக்குப் போயிருந்தான். சண்டையெல்லாம் இல்லை, அவனுக்கும் குடும்பம் இருக்கிறது. ஆகஸ்டில் ஒரு காலை தளத்தைத் திறந்தால் எங்கள் பக்கம் இல்லை. டொமைன் காலாவதி. நினைவூட்டல் கடிதங்கள் எல்லாம் அவன் எப்போதோ கைவிட்ட மின்னஞ்சலுக்குப் போயிருக்கின்றன. காலாவதியான பின் கிடைக்கும் சலுகை நாள்களும் முடிந்து, மீட்புக் காலம் என்ற 30 நாள் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் முடிந்திருந்தால் பெயரை யார் வேண்டுமானாலும் வாங்கியிருக்கலாம். அவன் பழைய மின்னஞ்சலைத் திறக்க இரண்டு நாள், பணம் கட்டி மீட்க இரண்டு நாள். 800 ரூபாய் சமாச்சாரத்துக்கு ஏழாயிரத்துக்கு மேல் செலவு. தேடல் வழியாக வந்துகொண்டிருந்து அப்போது போய்விட்ட வாசகர்களோ முழுதாகத் திரும்பவே இல்லை. டொமைன், சர்வர், ஆட்சென்ஸ், சமூக வலைத்தளப் பக்கங்கள் எல்லாம் யாருடைய மின்னஞ்சலில், யாருடைய போன் எண்ணில் இருக்கின்றன என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். நோட்டு மனைவிக்கும் தெரிந்த இடத்தில் இருக்கட்டும்.

2021-இல் தளத்தை நிறுத்தினேன். கம்பெனியை நிறுத்தவில்லை. வரவும் இல்லை செலவும் இல்லை, இனி என்ன கணக்கு என்று இருந்துவிட்டேன். இதுதான் கடைசி அடி. வியாபாரமே நடக்காவிட்டாலும் பிரைவேட் லிமிடெட் கம்பெனி ஆண்டுதோறும் இரண்டு படிவங்கள் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளுக்கு 100 ரூபாய், உச்ச வரம்பு இல்லாமல் ஏறிக்கொண்டே போகும். மூன்று ஆண்டு தொடர்ந்து தாக்கல் செய்யாமல் விட்டால் இயக்குநர்கள் ஐந்து ஆண்டுக்கு இயக்குநராகும் தகுதியை இழப்பார்கள். நண்பனுக்கு யாரோ இதைச் சொல்ல, 2023-இல் அவன் பதறிப் போய் அழைத்தான். இரண்டு ஆண்டுக் கணக்குக்குத் தாமதக் கட்டணம் ஒன்றரை லட்சத்துக்கு மேல். கம்பெனியின் பெயரை நீக்கச் சொல்லும் விண்ணப்பத்துக்கு 10,000. செத்த மாட்டுக்கு வைக்கோல் போட்ட கதை. தனி ஆளாகத் தொடங்குபவர்களுக்குக் கம்பெனியே தேவையில்லை, தனிநபர் நிறுவனமாக நடத்தினால் போதும், மூடுவதும் சுலபம். விசிட்டிங் கார்டில் டைரக்டர் என்று போட்டுக்கொள்ளும் ஆசைக்கு நான் கொடுத்த விலை அது. அந்த ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவில் பஸ்ஃபீட் என்ற பெரிய இணைய ஊடகம் தன் செய்திப் பிரிவை மூடுவதாக அறிவித்தது, மே மாதம் வைஸ் என்ற இன்னொரு ஊடக நிறுவனம் திவால் மனு கொடுத்தது. பெரிய பெரிய ஆள்களே விழுகிறார்கள் என்று சின்னதாக ஓர் ஆறுதல் வந்தது. மறைக்காமல் சொல்கிறேன்.

என் கையிலிருந்து போனது மொத்தம் சுமார் 14 லட்சம். நகைகளை மீட்க மொழிபெயர்ப்பு வேலை செய்து மூன்று ஆண்டு ஆனது. இப்போது மறுபடியும் ஒரு தளம் நடத்துகிறேன். மதுரை மாவட்டச் செய்திகள் மட்டும், நான் ஒருவன்தான். மூன்று உள்ளூர்க் கடைகள் விளம்பரம் தருகின்றன. மாதம் பிறப்பதற்கு முன்பே பணம். தராவிட்டால் ஒன்றாம் தேதி காலை விளம்பரத்தை எடுத்துவிடுவேன். ஒரு கடைக்கு ஒரு முறை அப்படி எடுத்தேன். மத்தியானத்துக்குள் பணம் வந்தது, உறவு கெடவில்லை.

போன மாதம் திண்டுக்கல்லிலிருந்து ஒரு தம்பி அழைத்தான். நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு தமிழ்ச் செய்தித் தளம் தொடங்கியிருக்கிறார்களாம், ஆறு மாதம் ஆகிறதாம். "அண்ணே, எத்தனை லட்சம் பார்வை வந்தால் லாபம் வரும்?" என்று கேட்டான். வருமானம் வருவதற்கு முன்பு எத்தனை மாதச் சம்பளத்துக்குக் கையில் பணம் இருக்கிறது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "ஒன்றரை மாதம்" என்றான். டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டேன். போனை மூடிக்கொண்டு பக்கத்தில் யாரிடமோ கேட்பது கேட்டது. பதிலுக்கு அங்கே ஏதோ சத்தம். "அண்ணே, ஐந்து நிமிடத்தில் கூப்பிடுகிறேன்" என்று வைத்தான். இன்னும் கூப்பிடவில்லை.